இடப்பக்கம் சாயும் பழைய ஃபைபர் படகு: மணல் மூட்டைக்கு முன் அளவுநாடா

கேள்வி: என்னிடம் 22 அடி நீளமுள்ள ஃபைபர் மோட்டார் படகு ஒன்று இருக்கிறது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெட்ரோல் இன்ஜின் உள்ளே, புரொப்பெல்லர் பின்பலகைக்கு வெளியே இருக்கும் வகை. போன வருடம்தான் பழையதாக வாங்கினேன். கட்டிப்போட்டிருக்கும்போது இடப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது. வாங்கியபோது தெரிந்தும் தெரியாமலும் இருந்த சாய்வு, மழைக்காலம் முடிந்த பிறகு நன்றாகவே தெரிகிறது. இடது விளிம்பு வலதைவிட 9 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். அதில் நான் உட்கார்ந்தால் ஏறக்குறைய நேராகிவிடுகிறது. பேட்டரி இடப்பக்கப் பெட்டியில் இருக்கிறது. பில்ஜில் தண்ணீர் இல்லை, பம்பும் ஓடுகிறது. வேகமாகப் போகும்போது சில நாள் இடப்பக்கமும் சில நாள் வலப்பக்கமும் சாய்கிறது. ஒருவர் வலப்பக்கம் மணல் மூட்டை வைக்கச் சொல்கிறார். இன்னொருவர், படகின் உடலே முறுக்கிக்கொண்டுவிட்டது, விற்றுவிடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். உங்களுக்கு வேண்டிய விடையில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் 9 சென்டிமீட்டர் என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள். இருக்கையில் உட்கார்ந்தால் நேராகிறது என்பதையும் கவனித்திருக்கிறீர்கள். மழைக்காலத்துக்குப் பிறகு சாய்வு கூடியது என்கிறீர்கள். இந்த மூன்றும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன.

முதலில் உடல் முறுக்கிக்கொண்டது என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். டிரெய்லரில் தாங்கு கட்டைகள் சரியாக அமையாமல் பல வருடம் கிடந்த படகின் அடிப்பாகத்தில் பள்ளம் விழுவது உண்டு. ஆனால் அது படகு ஓடும்போதுதான் தொல்லை தரும். சும்மா நிற்கும் படகை அது 9 சென்டிமீட்டர் சாய்ப்பதை நான் பார்த்ததில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: வடிவம் ஒரு மழைக்காலத்தில் மாறாது, எடைதான் மாறும். எனவே உங்கள் படகில் இடப்பக்கம் எங்கோ எடை கூடியிருக்கிறது. மழையை ஒட்டிக் கூடும் எடை என்றால் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

"பில்ஜில் தண்ணீர் இல்லை" என்பதால் நீங்கள் அந்தச் சந்தேகத்தை விட்டிருப்பீர்கள். பழைய ஃபைபர் படகு வைத்திருக்கும் பலரும் இங்கேதான் தவறான முடிவுக்கு வருகிறார்கள். பில்ஜ் என்பது நடுவில், பின்பக்கம், கசிநீர் வந்து சேர வேண்டிய பள்ளம். அதில் தண்ணீர் இல்லை என்றால் படகில் தண்ணீர் இல்லை என்று பொருளில்லை. இருக்கும் தண்ணீர் அங்கே வந்து சேரவில்லை என்றும் இருக்கலாம். தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு கட்டைகள் (ஸ்ட்ரிங்கர் என்போம்) படகின் அடிப்பாகத்தைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்கின்றன. அவற்றில் தண்ணீர் நடுப்பள்ளத்துக்கு வடிய சிறு துளைகள் விட்டிருப்பார்கள். முப்பது வருடத்து அழுக்கும் நாரும் அந்தத் துளைகளை அடைத்திருக்கும். சில படகுகளில் அந்த அறைகள் முழுக்க, படகு மூழ்காமல் தாங்கும் நுரை ஊற்றி மூடப்பட்டிருப்பதால் துளையே இருக்காது. இப்படிப் பக்க அறைகளில் சிக்கிய தண்ணீரைப் பம்ப் பார்ப்பதே இல்லை.

இனி மணல் மூட்டை. அதை வைத்தால் படகு நேராகும், சந்தேகமில்லை. அதனால்தான் அது எனக்குக் கவலை தருகிறது. ஏற்கெனவே தேவையில்லாத எடையைச் சுமக்கும் படகு இன்னும் கொஞ்சம் எடை ஏறி இன்னும் கொஞ்சம் தாழும். தளத்தில் விழும் மழைநீர் வெளியேறும் வாய்கள் பழைய படகுகளில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். படகு தாழத் தாழ அவை நீருக்குள் போய், வெளியேற வேண்டிய வழியே தண்ணீர் உள்ளே வரும் வழியாகிவிடும். சாய்வு கூடுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்லும் ஒரே அடையாளத்தையும் நீங்களே அழித்திருப்பீர்கள். உங்களுக்கு விற்றவரும் இதைச் செய்திருக்கக்கூடும். வலப்பக்கப் பெட்டிகளை, இருக்கைக்கு அடியை, முன்பக்கக் கயிற்றறையை ஒருமுறை கைவிட்டுத் துழாவிப் பாருங்கள். ஈயக்கட்டி, செங்கல், பழைய நங்கூரச் சங்கிலி என்று காரணமே தெரியாத பாரம் ஏதாவது கிடைத்தால் சாய்வு நீங்கள் நினைப்பதைவிடப் பழையது.

எதையும் அறுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். காற்றும் அலையும் இல்லாத நேரத்தில், படகில் யாரும் இல்லாமல், கட்டிய கயிறுகளைத் தளர்த்திவிட்டு, உயர்ந்திருக்கும் வலப்பக்க விளிம்பைக் கையால் அழுத்தி விடுங்கள். படகு மீண்டும் அதே இடப்பக்கச் சாய்வுக்கு வந்து நின்றால் நல்லது. இது ஒருபக்க எடையால் வரும் சாய்வு. அப்படி இல்லாமல் வலப்பக்கம் சரிந்து அங்கேயே நின்றுவிட்டால், அல்லது எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கமே தங்கினால், விஷயம் வேறு. படகு நேராக நிற்கும் வலிமையையே இழந்திருக்கிறது. உள்ளே தடையில்லாமல் அலையும் தண்ணீரோ, மேலே ஏற்றிய பாரமோ காரணமாக இருக்கும். அந்த நிலையில் உயர்ந்த பக்கத்தில் எடை வைப்பது ஆபத்து. படகு நேராகி நிற்காது, அடுத்த பக்கம் முன்னைவிட வேகமாக விழும். அப்படி நடந்தால் படகை வெளியே கொண்டு போகாதீர்கள், கரையேற்றுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்கள் படகு முதல் வகை என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் செய்து பாருங்கள், ஒரு நிமிட வேலை.

இப்போது கணக்குக்கு வருவோம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இது. மிதக்கும் படகே ஒரு தராசு. எந்த எடை, நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற பெருக்கல்தான் அதைச் சாய்க்கிறது; பள்ளியில் திருப்புத்திறன் என்று படித்ததேதான். நீங்கள் இருக்கையில் உட்கார்ந்ததும் படகு நேராகிறது என்றீர்களே, அப்போதே நீங்கள் அந்தத் தராசில் படிக்கல் வைத்து நிறுத்துவிட்டீர்கள். உங்கள் எடை 70 கிலோ என்றும், இருக்கை நடுக்கோட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி என்றும் வைத்துக்கொண்டால் 70 × 60 = 4,200. இடப்பக்கம் ஒளிந்திருக்கும் பாரத்தின் கணக்கும் ஏறக்குறைய அதே 4,200தான்.

அதில் தெரிந்ததைக் கழியுங்கள். பேட்டரி இடப்பக்கம் என்கிறீர்கள். இந்த அளவுப் படகில் வைக்கும் ஈய அமில பேட்டரி சுமார் 25 கிலோ இருக்கும். அது நடுக்கோட்டிலிருந்து 80 சென்டிமீட்டரில் இருந்தால் 2,000. மீதி 2,200. இந்த மீதிதான் நமக்குத் தெரியாத பாரம். இடப்பக்க அறையின் நடுப்பகுதி நடுக்கோட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் என்றால், 2,200ஐ 60ஆல் வகுக்க, சுமார் 37 கிலோ. தண்ணீராகப் பார்த்தால் 37 லிட்டர். ஒரு மீட்டர் நீளம், 37 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழம், அவ்வளவே. உங்கள் தளத்துக்கு அடியில் சத்தமில்லாமல் அடங்கிவிடும் அளவு அது.

என் எண்களை வைத்துக்கொள்ளாமல் உங்கள் படகை நீங்களே அளந்து கணக்குப் போடுங்கள். சாமான்களை எல்லாம் இறக்கிவிடுங்கள். நங்கூரம், கருவிப்பெட்டி, மீன்பெட்டி, மிதவைச் சட்டைகள், ஒன்றும் இருக்கக் கூடாது. எரிபொருள் டேங்க் இரண்டு பக்கமும் இருக்கும் படகானால் இரண்டிலும் ஒரே அளவு இருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் முக்கால் கிலோ, ஒரு பக்கம் 50 லிட்டர் கூடுதலாக இருந்தால் அதுவே சாய்க்கும். குடிநீர் டேங்க் இருந்தால் காலி செய்யுங்கள். பிறகு படகின் நீளத்தில் ஒரே இடத்தில், இரு பக்கமும், விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளவெடுங்கள். அந்த இடங்களில் சின்னதாக ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் வையுங்கள், இனி எப்போது அளந்தாலும் அங்கேயே அளக்க வேண்டும். அடுத்து 20 லிட்டர் தண்ணீர் கேன்களை வலப்பக்க ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்து, இரு பக்க அளவும் சமமாகும் வரை போங்கள். தளத்தின் குறுக்கே ரசமட்டம் வைத்துப் பார்ப்பது வேண்டாம்; பழைய படகின் தளம் மட்டமாக இருக்கும் என்று நம்ப முடியாது. எத்தனை கேன், நடுக்கோட்டிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டு கேன்களை இறக்கிவிடுங்கள். அவை அளக்க மட்டுமே.

இந்தக் கணக்கில் ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இடம், வலம் இரண்டிலும் தண்ணீர் ஊறியிருந்தால் படகின் சாய்வு இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை மட்டுமே காட்டும். இடப்பக்கம் 137 லிட்டரும் வலப்பக்கம் 100 லிட்டரும் இருந்தாலும் உங்களுக்குத் தெரிவது அதே 37தான். அதனால் படகை டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றி மொத்த எடை பாருங்கள். டிரெய்லர் எடை, எரிபொருள், பின்னால் சேர்த்த கருவிகள் இவற்றைக் கழித்து, தயாரிப்பாளர் கொடுத்த எடையோடு ஒப்பிடுங்கள். நூற்றுக்கணக்கான கிலோ கூடுதலாக வந்தால் நுரை பரவலாக ஊறியிருக்கிறது. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் தனித்தனியே நிறுத்து, எந்தப் பக்கம் கனம் என்று பார்க்கச் சிலர் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். 1,800 கிலோ படகு டிரெய்லரில் 2 சென்டிமீட்டர் ஓரமாக உட்கார்ந்தாலே 3,600 வந்துவிடும். நாம் தேடும் பாரம் அந்தப் பிழைக்குள் காணாமல் போய்விடும்.

கரையேற்றியதும் படகே இன்னொரு சாட்சி சொல்லும். அணியத்தை (படகின் முன்முனையை) உயர்த்தி நிறுத்தி, பின்னாலுள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றி, கீழே வாளி வையுங்கள். வருவது சில நிமிடத்தில் நின்றுவிட்டால் அது சாதாரண பில்ஜ் தண்ணீர். நாள் கணக்கில் சொட்டிக்கொண்டே இருந்தால் நுரையிலிருந்தோ கட்டைகளுக்கு உள்ளிருந்தோ வருகிறது. தேநீர் நிறத்தில், மக்கிய மர வாடையோடு வந்தால் ஃபைபருக்குள் பொதிந்து வைத்த பிளைவுட் அழுகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். படகு கடலில் இருப்பதானால், அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் தட்டில் ஊற்றிக் காய வையுங்கள். உப்புப் படிந்தால் உடலிலோ குழாய் இணைப்பிலோ கசிவு; படியாவிட்டால் மழைநீர், அதாவது மேலிருந்து வருகிறது. வாயில் வைத்துப் பார்க்காதீர்கள், எரிபொருளும் கழிவும் கலந்திருக்கலாம்.

பிறகு தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் தலை கொண்ட சின்னச் சுத்தியலால் தளத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டு போனால், நல்ல இடம் கணீரென்றும் ஊறிய அல்லது பிரிந்த இடம் தொப்பென்றும் ஒலிக்கும். ஈரமானி நல்ல கருவிதான், ஆனால் உலோகத் துகள் கலந்த பெயின்ட், மேற்பரப்பு ஈரம், பின்னால் இருக்கும் டேங்க் எல்லாம் அதை ஏமாற்றும். இடது வலது வித்தியாசம் பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

சந்தேகம் உறுதியானால் தளத்தில் துளை போடத்தான் வேண்டும். இடப்பக்க அறையில், பின்கோடிக்கு அருகில், தண்ணீர் கடைசியாக வந்து தேங்கக்கூடிய தாழ்வான இடத்தில் போடுங்கள். கையளவு வட்டத் துளை போதும். பிறகு அதில் திருகு மூடி பொருத்திவிட்டால் நிரந்தரமாகப் பார்க்க உதவும். ஆனால் உங்களுடையது பெட்ரோல் படகு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடியில் இறங்கித் தங்கும். ஊதுவிசிறியை ஓடவிட்டு, இன்ஜின் அறையைத் திறந்து வைத்து, முகர்ந்து பார்த்து, வாடை துளியும் இல்லை என்று உறுதியான பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அப்புறம்தான் துளைக் கருவியைத் தொட வேண்டும். டேங்க் எங்கே, அதன் நிரப்புக் குழாயும் காற்றுக் குழாயும் எந்த வழியாகப் போகின்றன, மின்கம்பிகள் எங்கே என்று தெரியாமல் ஒரு அங்குலமும் இறங்கக் கூடாது. தளத்தின் கனத்துக்கு மேல் போகாமல் இருக்கத் துளைமுனையில் ஒட்டுநாடா சுற்றிக்கொள்ளுங்கள். இதில் தயக்கம் இருந்தால் தெரிந்தவரை அழைத்துச் செய்யுங்கள்.

துளை வழியே எடுத்த நுரையைக் கையில் பிழியுங்கள். காய்ந்த பாலியூரிதேன் நுரை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 32 கிலோதான் இருக்கும், கையில் இருப்பதே தெரியாது. ஊறியது ஈரக்கட்டியாகக் கனக்கும். தொட்டவுடன் தெரிந்துவிடும்.

ஊறிய நுரை வெயிலில் காயாது. மூடிய அறைக்குள் எத்தனை மாதம் வைத்தாலும் காயாது. சுற்றிலும் துளை போட்டு வெப்பக்காற்று ஊதுவது போன்ற யோசனைகள் எல்லாம் நேர விரயம். தளத்தை அறுத்து, ஈர நுரையைத் தோண்டி எடுப்பதுதான் வழி. எடுத்த இடத்தைக் காலியாக விட்டுவிடவும் கூடாது. படகில் தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காமல் மேலே தாங்குவது அந்த நுரைதான். மூடிய கண்ணறை வகைப் பாலியூரிதேனை, இரண்டு திரவம் கலந்து ஊற்றுவதை, சிறிது சிறிதாக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் சூடேறும், விரிந்து தளத்தையே தூக்கிவிடும். வெள்ளை தெர்மோகோல் வகையை அடைக்காதீர்கள், பெட்ரோல் பட்டால் கரையும். அடியில் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் விட்டு, அதன் மேல் நுரை இருக்கட்டும். முதலில் கட்டியவர்கள் இந்த வாய்க்காலை விட்டிருந்தால் பல படகுகள் இந்த நிலைக்கு வந்திருக்காது.

தளம் திறந்திருக்கும்போதே ஸ்ட்ரிங்கர்களையும் பின்பலகையையும் பாருங்கள். உங்கள் இன்ஜின் அந்தக் கட்டைகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, வெளிப்புற டிரைவ் பின்பலகையைப் பிடித்துத் தொங்குகிறது. இன்ஜின் தாங்கியின் போல்ட்டுகள் இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே போனாலோ, கூர்முனை குத்தினால் கட்டை மெத்தென்று உள்வாங்கினாலோ, சாய்வு இரண்டாம் பிரச்சினை ஆகிவிடும். விற்றுவிடலாமா என்ற கேள்வியை அன்றைக்குக் கேளுங்கள், இன்றைக்கு வேண்டாம்.

தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் புது நுரை ஊற்றினால் அதுவும் ஊறும். தளமும் உடலும் சேரும் விளிம்புப் பட்டையின் திருகுகள், இருக்கைக் கால்களின் திருகுகள், கயிறு கட்டும் கொண்டிகள், தளத்து வடிகால் குழாயின் விரிசல், இவைதான் வழக்கமான இடங்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கீழிருந்து மேலாக, பகுதி பகுதியாக நனைத்துப் பாருங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கே நுழைந்தது என்று தெரியாமல் எல்லாமே நனைந்துவிடும். வடிகாலுக்கு உணவு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றி, உள்ளே நிறம் எங்கே தெரிகிறது என்று பார்ப்பது சுலபம்.

பேட்டரியை நடுக்கோட்டுக்கு மாற்றிவிடுங்கள், அது எப்படியும் நல்லது. பழைய உரிமையாளர் இடம் மாற்றியதா, தொழிற்சாலையில் வைத்ததா என்று முதலில் பாருங்கள். வலப்பக்கம் முன்பு இருந்த கனமான ஏதோ ஒன்றைக் கழற்றிவிட்டிருந்தால் சமநிலை அதனாலும் கெட்டிருக்கலாம்.

ஓடும்போது வரும் சாய்வு தனிக்கதை, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சில நாள் இடம், சில நாள் வலம் என்பதைப் பார்த்தால் காற்றுதான். பக்கவாட்டுக் காற்று அணியத்தைத் தள்ளும்; நேராகப் போக நீங்கள் ஸ்டியரிங்கைச் சற்றுக் காற்றுப் பக்கம் திருப்பிப் பிடித்திருப்பீர்கள்; அந்தத் திருப்பமே படகைக் காற்றடிக்கும் பக்கம் சாய்க்கும். அடிப்பாகம் ஆழமான வி வடிவில் உள்ள படகுகளில் இது நன்றாகத் தெரியும். ஒரே பாதையில் போய் அதே பாதையில் திரும்பி வாருங்கள். போகும்போது இடப்பக்கம் சாய்ந்தது வரும்போது வலப்பக்கம் சாய்ந்தால் படகில் குறையில்லை. டிரிம் டேப் (பின்பலகையின் அடியில் இரு பக்கமும் இருக்கும், ஏற்றி இறக்கக்கூடிய தகடு) இருந்தால் தாழ்ந்த பக்கத்து டேப்பைக் கொஞ்சம் இறக்கினால் அந்தப் பக்கம் உயரும். இரு திசையிலும் ஒரே பக்கம் சாய்ந்தால் டேப் ஒன்று சிக்கியிருக்கலாம். அல்லது புரொப்பெல்லரின் எதிர்விசையாக இருக்கலாம். பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றும் ஒற்றைப் புரொப்பெல்லர் படகை இடப்பக்கம் சாய்க்கும். வேகத்தைக் குறைக்கும்போது உள்ளே ஏதோ ஓடி வந்து மோதுவதுபோல் படகு தள்ளாடினால் அது அலையும் தண்ணீர், மறுபடி தளத்துக்கு அடியில் தேடுங்கள்.

துளை போட்டு உள்ளே பார்க்கும் வரை படகில் ஆட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், அலை இருக்கும் நாளில் எடுக்காதீர்கள், வாரம் ஒருமுறை ஒட்டுநாடா அடையாளத்தில் இரு பக்கமும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். 9 சென்டிமீட்டர் 10 ஆனால் கரையேற்றிவிடுங்கள். உங்கள் கேன் கணக்கையும், வாளியில் சேர்ந்த தண்ணீரின் அளவையும் நிறத்தையும் எழுதி அனுப்பினால், எந்த அறையை முதலில் திறப்பது என்று சொல்கிறேன்.